ரசனைக்கு யார் மார்க் போடுவது?

வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் இப்போது சாதி கேட்பதில்லை. பெரிய டெக்னாலஜி கம்பெனிகளின் விண்ணப்பத்தில் அந்தக் கட்டமே கிடையாது. 'எங்களுக்குத் திறமை மட்டும்தான்' என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். அந்தத் திறமையை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். புரோகிராம் எழுதுகிற வேலை என்றால் ஒரு கணக்கைக் கொடுப்பார்கள். எழுதின புரோகிராம் ஓடும், இல்லையென்றால் ஓடாது. அங்கேயும் பாரபட்சம் உண்டு. ஆனாலும் சண்டை போட ஒரு பிடி இருக்கிறது. டிசைன் வேலைக்கு அந்தப் பிடியும் கிடையாது. 'டேஸ்ட் இருக்கா', 'கண்ணு இருக்கா', 'நம்ம டீமுக்கு ஃபிட் ஆவாங்களா' என்று பார்ப்பார்கள். இந்த மூன்றுக்கும் மார்க் போடுகிறவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்பதுதான் என் கேள்வி. நான் டிசைனர். இன்டர்வியூ மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

டிசைன் என்றால் படம் வரைகிற வேலை என்று நம்மாட்களே பலர் நினைக்கிறார்கள். நீங்கள் போனில் ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள். முதலில் எதைக் கேட்க வேண்டும், எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், தப்பாக அழுத்தினால் என்ன ஆக வேண்டும் என்று ஒருத்தர் முடிவு பண்ணியிருக்கிறார். அவர் டிசைனர். அவருடைய பாடத்தில் முதல் விதி, பயன்படுத்தப் போகிறவர் யார் என்று பார். அவருக்கு 'யூசர்' என்று பெயர். யூசர் யார் என்று முடிவு பண்ணுகிறவர் கையில்தான் மற்ற எல்லாமே இருக்கிறது.

நாங்கள் பறையர்கள். ஆத்தோரம் குடிசை போட்டிருந்த எங்களை 2000-க்குப் பிறகு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் கண்ணகி நகரில் விட்டார்கள். 200 சதுர அடிகூட இல்லாத வீடு. அப்போது அதைக் கட்டினது தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம். 2021-ல் அந்த வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் பெயர் மட்டும் மாறவில்லை. 'கண்ணகி நகர் பார்ட்டி' என்றால் இன்றைக்கும் பலருக்கு வேற அர்த்தம். ஓ.எம்.ஆர். ரோட்டில் இருக்கிற கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறோம். கூட்டிப் பெருக்க, கக்கூஸ் கழுவ, செக்யூரிட்டியாக நிற்க எங்களிலிருந்து ஆள் போகிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஆள் போவது அபூர்வம். 2020-ல் எங்கள் பிளாக் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். நல்ல ஓவியங்கள்தான். வெளியாட்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். சுவருக்கு வந்த மரியாதை அதற்குள் இருக்கிற ஆளுக்கு வரவில்லை.

அப்பா கடை போர்டும் சுவர் விளம்பரமும் எழுதுகிறவர். நூல் பிடித்து சாக்பீஸ் கோடு போட்டு, எனாமல் பெயின்ட்டில் ஒரே இழுப்பில் எழுதுவார். 'பஸ்ஸுல நின்னுக்கினு போறவன் கண்ணுக்கு ஒரு நொடிதான் கெடைக்கும், அதுக்குள்ள அவன் படிச்சிரணும்' என்பார். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் போய்விட்டது. எந்த ஃப்ளெக்ஸ் அவர் பிழைப்பைக் கெடுத்ததோ, அதே ஃப்ளெக்ஸ் கடையில்தான் நான் காலேஜ் படிக்கும்போது ராத்திரி வேலை பார்த்தேன். படித்தது சென்னை கவின் கலைக் கல்லூரியில். 1850-ல் வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்தது. இன்றைக்கு அரசுக் கல்லூரி. அரசுக் கல்லூரி என்பதால் இட ஒதுக்கீடு இருந்தது, ஃபீஸும் கட்டுகிற மாதிரி இருந்தது. அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் இல்லை.

ஃப்ளெக்ஸ் கடையில் நான் கற்றுக்கொண்டதை எந்த டிசைன் பள்ளியும் சொல்லித் தராது. பாமினி ஃபான்ட்டில் டைப் அடித்து, கோரல் டிராவில் லேஅவுட் போட்டு, அரை மணி நேரத்தில் ஒரு பேனர் முடிக்க வேண்டும். பூப்புனித நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி. வருகிறவர்கள் முதலில் சொல்லுவது கலர். எந்தச் சாதிக்கு எந்தக் கலர், எந்தத் தலைவர் படம் மேலே, பெயருக்குப் பின்னால் என்ன பட்டம், எந்த மிருகம் பாய வேண்டும் என்று எல்லாம் கணக்காகச் சொல்லுவார்கள். 'ஆண்ட பரம்பரை' என்கிற வார்த்தையை என் கையாலேயே எத்தனை தடவை டைப் அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாதிக்கு டிசைன் தெரியும். டிசைன் படித்தவர்கள்தான் தங்களுக்குச் சாதி தெரியாது என்கிறார்கள்.

2018-லிருந்து இன்டர்வியூவுக்கு அலைந்தேன். டிசைனருக்கு மார்க் ஷீட்டைவிட 'போர்ட்ஃபோலியோ'தான் முக்கியம். செய்த வேலைகளைத் தொகுத்து, ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்கிக் காட்ட வேண்டும். முதல் இரண்டு இடத்தில் என் ஃப்ளெக்ஸ் வேலைகளைப் பார்த்ததும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. ஒரு அம்மா ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: 'இதையெல்லாம் எடுத்துடும்மா. உன் லெவலைக் கொறைச்சுக் காட்டுது.' கண்ணீர் அஞ்சலி பேனரில் செத்தவர் முகம் தூரத்திலிருந்து தெரிய வேண்டும், பெயர் தெரிய வேண்டும், எடுக்கிற நேரம் தெரிய வேண்டும். இந்த மூன்றையும் ராத்திரி ரெண்டு மணிக்கு, அழுதுகொண்டு நிற்கிற மகனிடம் கேட்டு வாங்கிச் செய்தது அது. யூசரைப் பார் என்றுதானே உங்கள் பாடம் சொல்கிறது?

2019-ல் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். உங்களில் பலர் போனில் அவர்கள் பண்டம் இருக்கும். போனில் ஒரு ரவுண்ட் முடித்து, பிறகு நேரில் ஒரே நாளில் நாலு ரவுண்ட். இனிமேல் போகிற தம்பி தங்கைகளுக்கு உதவும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

முதல் ரவுண்ட் போர்ட்ஃபோலியோ. 'டிசைன் மேல உங்களுக்கு எப்போ லவ் வந்துச்சு?' என்று கேட்டார்கள். அப்பா போர்டு எழுதினதைச் சொன்னேன், பஸ்ஸில் போகிறவன் கண்ணைப் பற்றிச் சொன்னேன். 'நைஸ் ஸ்டோரி' என்றார் ஒருவர். அடுத்த கேள்வி, 'உங்க இன்ஃப்ளுயன்ஸ் யாரு?' இப்போதுதான் சொன்னேனே என்று தோன்றியது. ஆனால் அவர் எதிர்பார்க்கிற பதில் எனக்குத் தெரியும். ஜெர்மன்காரர் டீட்டர் ராம்ஸ் பெயரைச் சொன்னேன், அவருடைய பத்து விதிகளையும் சொன்னேன். முகம் மலர்ந்தது. அப்பா கதை ஸ்டோரி, ராம்ஸ் கதை அறிவு.

இரண்டாவது ரவுண்டில் ஒரு ஆப்பைக் கொடுத்துக் குறை நிறை சொல்லச் சொன்னார்கள். நன்றாகவே போனது. அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு. 'இது இன்டர்வியூ இல்ல, ரிலாக்ஸா இருங்க' என்று சொல்லித்தான் ஒரு ஆளைக் கூட அனுப்பினார்கள். நம்பாதீர்கள். சாப்பிடும்போது அவர் கேட்டது வரிசையாக ஞாபகம் இருக்கிறது. வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா? சென்னைல எங்க? ஓ.எம்.ஆர்.னா எந்த அபார்ட்மென்ட்? அப்பா என்ன பண்றாங்க? நான் 'கண்ணகி நகர்' என்றேன். அவர் சென்னைக்காரர். ஒரு நிமிஷம் தட்டைப் பார்த்தார். அப்புறம் பெங்களூர் டிராஃபிக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சாதி கேட்க நாலு கேள்வி போதும். அதில் ஒன்றில்கூட சாதி என்கிற வார்த்தை வராது.

மூன்றாவது ரவுண்ட் ஒயிட் போர்டு. ஒரு பிரச்சினையைச் சொல்லி, போர்டில் வரைந்துகொண்டே தீர்க்கச் சொல்லுவார்கள். எனக்கு வந்த கேள்வி: ஐந்நூறு வீடுகள் உள்ள ஒரு அபார்ட்மென்ட், கேட்டில் வருகிறவர்களைப் பதிவு செய்ய ஒரு ஆப், நாற்பத்தைந்து நிமிஷம். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எங்கள் அம்மா பதினைந்து வருஷமாக அப்படி ஒரு கேட்டுக்குள்தான் வீட்டு வேலைக்குப் போய்வருகிறார்.

யூசரிலிருந்து ஆரம்பித்தேன். அந்த கேட்டை ஒரு நாளில் அதிகத் தடவை நின்று கடக்கிறவர் யார்? வீட்டுக்காரர் காரில் ஸ்டிக்கர் இருக்கிறது, நிற்காமல் போகிறார். விருந்தாளி என்றைக்கோ ஒரு நாள் வருகிறார். தினமும் காலையும் சாயந்திரமும் வரிசையில் நின்று பேர் எழுதி உள்ளே போகிறவர்கள் வீட்டு வேலைக்காரர்கள், டிரைவர்கள், கூட்டுகிறவர்கள். ஆகவே முதல் யூசர் அவர்கள். அவர்களில் பலரிடம் பட்டன் போன்தான். மிஸ்டு கால் கொடுத்தால் பதிவாக வேண்டும். எத்தனை மணிக்கு வந்தாள் என்பது வீட்டுக்காரருக்குத் தெரிகிறது என்றால், இந்த மாசம் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்கிற கணக்கு அவளுக்கும் தெரிய வேண்டும். சம்பளத்தில் பிடிக்கும்போது காட்ட ஒரு ஆதாரம். வெளியே வரும்போது பையைத் திறந்து பார்க்கிறார்கள் என்றால் யார் பார்த்தார், எதற்குப் பார்த்தார் என்பதும் பதிவாக வேண்டும். இத்தனையும் வரைந்தேன்.

எதிரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். 'இதெல்லாம் எட்ஜ் கேஸ். பிரைமரி யூசர் ரெசிடென்ட்தானே, அவங்களுக்கு என்ன வேணும்னு பார்ப்போம்' என்றார். எட்ஜ் கேஸ் என்பது எங்கள் தொழிலில் தினப்படி வார்த்தை. எப்போதாவது நடக்கிற, ஓரத்தில் இருக்கிற விஷயம் என்று அர்த்தம். தினமும் இரண்டு வேளை கேட்டில் நிற்கிறவர்கள் ஓரமாம். 'சார், எண்ணிக்கைப்படி பார்த்தாலும் இவங்கதான் ஜாஸ்தி' என்றேன். 'பணம் கட்டுறது யாரு?' என்றார். அதுதான் உண்மையான பதில். நான் அவர் கேட்டபடி ரெசிடென்ட்டுக்கும் ஐந்து ஸ்கிரீன் வரைந்து காட்டினேன். ஆனால் முதலில் வரைந்ததை அழிக்கவில்லை. போர்டில் ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது.

நாலாவது ரவுண்ட் கல்ச்சர். வீக்கெண்டில் என்ன பண்ணுவீங்க, கடைசியாப் போன டிரிப் எது, டீமில் தகராறு வந்தா எப்படிச் சமாளிப்பீங்க. டிரிப்பெல்லாம் எங்கே, சார்.

ஊருக்கு வந்ததும் அம்மா கேட்டார். 'இன்னாடி கேட்டானுங்கோ?' கேட் ஆப்பைப் பற்றிச் சொன்னேன். அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: 'உள்ள போவ சொல்ல பேரு எழுதிக்கிறான். வெளிய வர்ற சொல்ல பையத் தொறக்கச் சொல்றான். செக்யூரிட்டிய இன்னா சொல்றது, அவனும் நம்மள மாதிரிதான். மழைல நிக்கறதுக்கு ஒரு ஷீட்டு போடச் சொல்லி எழுதுனியா?' எழுதவில்லை. அந்த ஒரு கேள்விக்கு ஈடான கேள்வி அன்றைக்கு நாலு ரவுண்டிலும் வரவில்லை.

எட்டு நாள் கழித்து எச்.ஆர். போன் பண்ணினார். 'திங்க்கிங் ரொம்ப ஸ்ட்ராங். ஆனா டீம் கல்ச்சருக்கு ஃபிட் ஆகல, கொஞ்சம் விஷுவல் டேஸ்ட்டும் பாலிஷ் ஆகணும்.' எந்தப் படத்தில், எந்த இடத்தில் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். கம்பெனி பாலிஸிப்படி எழுதிக் கொடுக்க மாட்டோம் என்றார்.

'இது உன் ஒருத்தி அனுபவம், இதை வைத்துச் சாதி என்று சொல்லலாமா' என்று கேட்பார்கள். சரி, ஆய்வுகளைப் பார்ப்போம். 2007-ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பேப்பரில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். வித்தியாசம் பெயரில் மட்டும். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் வந்த அழைப்பு, மேல்சாதி இந்துப் பெயருக்கு வந்ததைவிடக் குறைவு. அதே ஆண்டு ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் எச்.ஆர். அதிகாரிகளையே பேட்டி எடுத்து எழுதினார்கள். தகுதி மட்டும்தான் பார்க்கிறோம் என்று சொன்ன அதிகாரிகளே, குடும்பப் பின்னணியைக் கேட்பது இன்டர்வியூவில் முக்கியம் என்றும் சொன்னார்கள். எனக்கு மதியச் சாப்பாட்டில் நடந்ததற்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே விளக்கம் அச்சாகியிருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான், ஏனென்றால் போனவர்கள் இவர்கள்தான். 2020 ஜூனில் கலிஃபோர்னியா அரசுத் துறை சிஸ்கோ கம்பெனி மேல், ஒரு தலித் என்ஜினியரைச் சாதி பார்த்து நடத்தியதாக வழக்குப் போட்டது. 2023-ல் அதிலிருந்த இரண்டு மேலதிகாரிகள் மேலான வழக்கை அந்தத் துறையே வாபஸ் வாங்கியது. 2022-ல் தேன்மொழி சௌந்தரராஜன் கூகுளில் சாதி பற்றிப் பேசுவதாக இருந்தது, உள்ளேயிருந்த ஊழியர்கள் சிலர் எதிர்த்ததால் ரத்தானது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தில் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியா கவர்னர் அப்படிப்பட்ட மசோதாவில் கையெழுத்துப் போட மறுத்தார். சாதியே இல்லை என்கிற இடத்தில் எதற்கு இத்தனை வழக்கும் மசோதாவும்?

டிசைன் துறைக்கு இந்த விஷயத்தில் தனி வரலாறு இருக்கிறது. 1958-ல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி இந்திய அரசு கேட்டுக்கொண்டு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அதை வைத்து 1961-ல் அகமதாபாத்தில் தேசிய டிசைன் நிறுவனம் வந்தது. டிசைன் படிக்கிற பிள்ளைகள் அந்த அறிக்கையை வேதம் மாதிரி படிப்பார்கள். அதில் அவர்கள் மெச்சியது லோட்டாவை, அதாவது நம் சொம்பை. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், தலையில் தூக்கவா இடுப்பில் தூக்கவா, கைக்கு எப்படி அடங்கும், கவிழ்த்தால் எப்படி ஊற்றும் என்று அழகாக அடுக்கிக் கேட்கிறார்கள். அந்தச் சொம்பை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்கிற கேள்வி அந்த வரிசையில் இல்லை. 1927-ல் மஹாடில் அம்பேத்கர் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்து முப்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது. டீக்கடையில் நமக்குத் தனி கிளாஸ், அதுவும் இல்லாவிட்டால் சிரட்டை. அதுவும் ஒரு டிசைன்தான். யூசரை நன்றாகப் பார்த்துச் செய்தது.

நான் இப்போது சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். 2022-லிருந்து இன்டர்வியூ எடுக்கிற குழுவிலும் இருக்கிறேன். இந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகு பார்த்ததைச் சொல்கிறேன். ஆள் வெளியே போனதும் எல்லோரும் கூடிப் பேசுவார்கள். யார் முதலில் வாய் திறக்கிறாரோ, அவர் சொன்னதையே மற்றவர்களும் பிடித்துக்கொள்வார்கள். தென்மாவட்டத்திலிருந்து ஒரு பையன் வந்தான். கல்யாணப் பத்திரிகை, வாழைப்பழச் சிப்ஸ் பாக்கெட் என்று போர்ட்ஃபோலியோ. 'கொஞ்சம் ராவா இருக்கான்' என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். மதிப்பீட்டுத் தாளில் 'ரா' என்று எந்தக் கட்டம் இருக்கிறது என்று நான் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாக, பிரச்சினையைப் புரிந்துகொண்டது, தீர்வு, செயல்முறை, விளக்கம் என்று பிரித்து மார்க் எழுதினோம். முதல் இரண்டில் அன்றைக்கு வந்த எல்லோரையும்விட அவனுக்குத்தான் அதிகம். ஸ்கிரீனிலிருந்து ஸ்கிரீனுக்கு நகர்கிற செயல்முறையில் குறைவு, அதனால் வேலை கிடைக்கவில்லை. அந்தக் காரணத்தை எழுதியே அவனுக்கு அனுப்பினோம். இல்லை என்றாலும் அது மனுஷனுக்குச் சொல்லுகிற இல்லை. அன்றிலிருந்து எங்கள் குழுவில் மார்க் எழுதின பிறகுதான் பேச்சு. குடும்பம், ஏரியா, சாப்பாடு பற்றிக் கேள்வி கூடாது என்பதையும் எழுதி வைத்தோம். செலவு ஒரு பைசா இல்லை.

இது நல்ல மனசு உள்ள நாலு பேரை நம்பி நடக்கிற காரியமாக இருக்கக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். நான் இல்லாத கம்பெனியில் யார் கேட்பது? அரசியல் சட்டத்தின் 16(4) அரசு வேலைக்குத்தான். கண்ணாடிக் கட்டடத்துக்குள் அது நுழையாது. அரசு நிலம், அரசு ரோடு, வரிச் சலுகை எல்லாம் அந்தக் கட்டடத்துக்கு உண்டு, இட ஒதுக்கீடு மட்டும் கிடையாது. தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்கிற கோரிக்கையை நாம் என்ஜினியரிங் வேலைகளை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறோம். எந்த வேலைக்கு அளவுகோலே இல்லையோ, அங்கேதான் அது முதலில் வேண்டும். விளம்பரம், சினிமா, பத்திரிகை, டிசைன். ரசனை என்ற பெயரில் ஆள் எடுக்கிற எல்லா இடமும்.

போகிற பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை. ஃப்ளெக்ஸை எடுத்துவிடாதீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று விளக்கி எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரக் கேள்விகளை, கேட்ட தேதியோடு நோட்டில் குறித்து வையுங்கள். இல்லை என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள். நூறு பேர் கேட்டால் அது ஒரு கணக்கு. எழுத்தில் சொல்ல முடிகிற காரணத்தோடு நாம் வாதாடலாம், நம்மைத் திருத்திக்கொண்டு திரும்பவும் போகலாம். எழுத முடியாத காரணத்துக்குள்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே இழுக்கிற வேலை நம்முடையது.